கோர்வைக்கு ரெண்டாவது கை

"சொந்த ஊர் எது?" என்று கேட்பவர்களிடம் காஞ்சிபுரம் என்று சொன்னால், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். "அப்ப பட்டுப்புடவை கம்மி விலைக்கு வாங்கித் தருவியா?" ஹாஸ்டல் வார்டன் கேட்டிருக்கிறார். பேட்டிக்குப் போன இடத்தில், கேமரா ஆஃப் ஆனதும் ஒரு சீரியல் நடிகை கேட்டிருக்கிறார். ஆபீஸில் தீபாவளி நெருங்கினால் போதும், டிஜிட்டல் டெஸ்க்கில் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பும். ஒரிஜினல் காஞ்சிப் பட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மூன்று வருஷத்தில் மூன்று ஸ்டோரி எழுதிவிட்டேன். மூன்றும் நன்றாகவே ஓடின.

அந்த மூன்றிலும் எழுதாத ஒரு விஷயம் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு குழி இருக்கிறது. வருகிற தை மாசம் அண்ணனுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் குழியை மூட வேண்டும். மூன்று மாசமாக வீட்டில் இதே பேச்சுதான்.

குழி என்றதும் பயந்துவிடாதீர்கள். தறிக்குழி. இடுப்பு உயரம்கூட இருக்காது. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டுக்கொள்வார். மிதிக்கட்டைகள் குழிக்குள்தான் இருக்கும். கால் மிதிக்க, பாவு பிரிய, கை நாடாவை வீச, பலகை வந்து இழையை இறுக்கும். தறி என்று மேலே தெரிகிற மரச்சட்டமும், அதற்கு மேலே விட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கும் ஜக்கார்டு பெட்டியும், தொங்குகிற அட்டைகளும் சேர்ந்து பாதிக் கூடத்தை எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில்தான் நாங்கள் நால்வரும் சாப்பிட்டோம், படித்தோம், தூங்கினோம். டிவியைத் தறிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்ததால், பாவு இழைகளின் சந்து வழியாகத்தான் சின்ன வயசில் சீரியல் பார்த்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் பாய் போட இடம் தேட வேண்டும்.

குழிக்குள் விழாத பொருள் கிடையாது. சில்லறைக் காசு, அழிரப்பர், ஆயாவின் வெற்றிலைப் பாக்குப் பொட்டலம், ஒருமுறை அண்ணனின் ஹால் டிக்கெட். பக்கத்து வீட்டுப் பூனை ஒரு பொங்கல் சமயத்தில் உள்ளே குட்டி போட்டுவிட்டது. குட்டிகள் கண் திறக்கும்வரை அப்பா ஒரு காலை மடக்கிக்கொண்டு, ஒரே காலால் மிதித்து நெய்தார். பூனைமேல் பாசம் என்று சொல்ல முடியாது. தாய்ப்பூனை பட்டை நகத்தால் கிழித்துவிடுமோ என்ற பயம்.

பட்டு எங்களுடையது இல்லையே. சொசைட்டியில் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். புடவையாகத் திரும்பிப் போகும்போதும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு, சூரத்திலிருந்து வரும் ஜரிகை, எங்கள் ஊர்க் கை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் காஞ்சிப் பட்டு. மூன்றில் எங்கள் வீட்டுக்குச் சொந்தமானது கை மட்டும்.

விடிகாலையில் எங்கள் தெருவுக்கு வந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டியிருக்கும். பாவு நீட்டியிருப்பார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, முளைக்குச்சிகளின் மேல் மயில் கழுத்துப் பச்சையோ அரக்கோ ஒரு ஓடை மாதிரி கிடக்கும். கஞ்சி தடவி, இழைகளைப் பிரித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். இதை ஒரு வீட்டு ஆட்களால் செய்ய முடியாது. அக்கம்பக்கத்தில் நாலு பேர் வந்து கை கொடுப்பார்கள். நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம் போக வேண்டும். தெருவில் யாரோடு யாருக்குச் சண்டை என்று தெரிய வேண்டுமானால், பாவு நீட்டும்போது யார் வரவில்லை என்று பார்த்தால் போதும். பால்காரர், பேப்பர் போடுகிற பையன், ஸ்கூல் வேன் எல்லாரும் பாவைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். 2021-ல் நகராட்சி மாநகராட்சி ஆனது. அப்போதும் எங்கள் தெருவில் பாவுக்குத்தான் முதல் மரியாதை.

அடுத்த வேலை பெண்களுடையது. தறியில் முடியப்போகும் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப்பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். ஆயா இந்த வேலையில் பேர் போனவர். கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பார் என்று தெருவே சொல்லும். உண்மையில் அவருக்குக் கண்புரை. மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ராட்டையில் தார் சுற்றுவது அம்மாவும் நானும். வீட்டுப்பாடம் எழுதுவதற்கு முன் பத்துத் தார் என்பது எனக்குக் கணக்கு.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இதெல்லாம் நின்றுபோகும். தெருவில் பாவு நீட்ட முடியாது, ஈரக்காற்றில் இழை ஒட்டிக்கொள்ளும். மழை பலத்தால் குழிக்குள்ளேயே ஊற்று எடுக்கும். 2015 மழையில் நாங்கள் பக்கெட் பக்கெட்டாக மொண்டு ஊற்றினோம், மறுநாள் காலையில் பார்த்தால் அதே அளவு தண்ணீர். குழி காய்ந்து அப்பா கால் வைக்க எத்தனை வாரம் ஆனதோ, அத்தனை வாரமும் வீட்டில் ரேஷன் அரிசிதான்.

இப்போது கோர்வைக்கு வருகிறேன்.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ரெண்டும் சேருகிற இடத்தில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கலங்காமல், கத்தியால் வெட்டின மாதிரி இருக்க வேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும். ரெண்டு கரைக்கு ரெண்டு, உடலுக்கு ஒன்று. ஒவ்வொரு வரிசையிலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதுதான் கோர்வை. புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர்கள் சொல்வது இதை வைத்துத்தான். முந்தியில் உடலின் நிறம் மாற வேண்டுமென்றால் அது பேட்டினி. பாவு இழைகளையே மாற்றி இணைக்கிற வேலை. அன்றைக்கு அப்பாவிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

மூன்று நாடாவையும் ஒருத்தரே வீசிக் கோக்க முடியாது. தறியின் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரை நாடாவை வாங்கி, கோத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு புடவை முடியப் பத்து நாளோ, பதினைந்து நாளோ, அத்தனை நாளும் அவர் கூடவே இருக்க வேண்டும். பெரிய பலம் தேவையில்லை. சின்ன, வேகமான விரல் போதும். சொன்ன சொல்லைக் கேட்கிற ஆளாக இருந்தால் நல்லது.

அதனால் குழந்தைகளை உட்கார வைத்தார்கள்.

அப்பா உட்காரும்போது வயசு ஒன்பது. நாலாம் வகுப்பு முடிந்த லீவில், "ரெண்டு மாசம் போய்ட்டு வா" என்று தாத்தா கொண்டுபோய் விட்டார். வேறொருவர் வீட்டுத் தறி. தாத்தா அந்த வீட்டில் முன்பணம் வாங்கியிருந்தார். ரெண்டு மாசம் முடியவில்லை. ஆறு வருஷம் ஆனது. காலையில் ஏழு மணிக்குப் போனால் இருட்டுகிறவரை. சம்மணம் போட்டு ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்த உடம்பு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அப்பா பஸ் ஸ்டாப்பில் நின்றால் தூரத்திலிருந்தே தெரியும், இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். கண் அசந்தால் பலகைக்கட்டையால் முட்டியில் ஒரு தட்டு. இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வராது. "அவரும் அப்படித்தானே கத்துகினு வந்தாரு" என்பார். எனக்குத்தான் கோபம் வரும்.

1979-ல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளியபோது அப்பாவுக்குப் பதினோரு வயசு. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற தரிசனம் என்பதால் அரைநாள் லீவு கொடுத்தார்களாம். வரதராஜப் பெருமாள் கோயில் கூட்டத்தில் ஆயாவின் முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றதும், வெளியே வந்து குடலை இட்லி தின்றதும்தான் ஞாபகம் இருக்கிறது என்பார். பெருமாள் முகம் ஞாபகமில்லை, இட்லியின் மிளகு ஞாபகம் இருக்கிறது. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து அவிக்கிற, சுக்கும் சீரகமும் மணக்கிற இட்லி அது. ஊருக்கு வந்தால் தவறவிடாதீர்கள். புடவையைப் பற்றி என்னிடம் கேளுங்கள், இட்லியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. சட்டம் டெல்லியிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்துசேரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஜீப் வரும், அதிகாரிகள் வீடு வீடாக எட்டிப்பார்ப்பார்கள், பிள்ளைகளைப் பின்கட்டு வழியாக அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அது நடந்தது. சிறப்புப் பள்ளிகள் வந்தன, சத்துணவு இழுத்தது, பெற்றோருக்கும் சலித்துப்போனது. தறியிலிருந்து பிள்ளைகள் எழுந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் வகுப்பில் கோர்வைக்கு உட்கார்ந்த பையன் ஒருத்தன்கூட இல்லை. எங்கள் ஊரில் நடந்த நல்ல விஷயங்களில் இதைத்தான் முதலில் சொல்வேன். கோபுரங்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிள்ளைகள் எழுந்த இடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கோர்வைக்குச் சம்பளம் கொடுத்துப் பெரியவர் ஒருத்தரை வைத்தால் கூலி கட்டாது. பல வீடுகளில் கோர்வையையே விட்டுவிட்டு, ஒரே ஆள் நெய்கிற மாதிரிப் புடவைக்கு மாறினார்கள். விடாத வீடுகளில் மனைவி உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அம்மா.

கல்யாணமாகி வந்த ரெண்டாவது வாரமே நாடா கையில் வந்துவிட்டதாம். சமையல், தண்ணீர் பிடிப்பது, ராட்டை, பாவுக்கு முறுக்கு, நடுவில் அண்ணனும் நானும். இதற்கெல்லாம் இடையில் ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் தறி ஓரம். அண்ணன் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாசம்வரை உட்கார்ந்திருக்கிறார். என்னைத் தூங்கவைத்த தூளி தறிக்கு மேலே விட்டத்தில்தான் கட்டியிருந்தது. ஒரு கை நாடாவுக்கு, ஒரு கை தூளிக் கயிற்றுக்கு.

ஜர்னலிசம் டிப்ளமோ படித்தபோது ஒரு புராஜெக்டுக்காக அப்பாவின் கூலி பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். புடவை வாரியாகத் தேதி, எடை, கூலி எல்லாம் இருந்தது. அப்பா பேர் இருந்தது. கோர்வைப் புடவைக்குக் கூலி கொஞ்சம் கூடுதல். அதுவும் அப்பா பேரில். ரெண்டு பேர் செய்த வேலைக்கு ஒரு பேரில் கூலி. அதை ரெண்டாக வகுத்து, நாளால் வகுத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா கூட்டலைச் சரிபார்த்தார். "அது இன்னாத்துக்கு இப்ப? போய் விளக்கைப் போடு" என்றார்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் இருட்டடைந்த ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு விளையாட்டு மைதானம் கைலாசநாதர் கோயில் புல்வெளி. ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 வருஷம் ஆன மணற்கல் சிங்கங்களுக்குப் பக்கத்தில்தான் அண்ணன் கிரிக்கெட் மட்டையை ஒளித்துவைப்பான். வைகாசியில் கருட சேவை அன்றைக்கு ஊரே விடிகாலையில் எழுந்துவிடும். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து பெருமாள் கருடன்மேல் பெரிய காஞ்சிபுரம் பக்கம் வந்து திரும்புகிறவரை தறிகளுக்கு லீவு. பங்குனியில் ஏகாம்பரநாதருக்குக் கல்யாணம். எங்கள் தெருவில் தமிழ் கேட்கும், பக்கத்துத் தெருவில் தெலுங்கு, அதற்கு அடுத்ததில் சௌராஷ்டிரம். திட்டுவது மட்டும் எல்லாத் தெருவிலும் தமிழில்தான்.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, அத்திவரதர் மறுபடி வந்த 48 நாளும் ஊர் எங்களுடையதாக இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கும் திண்ணையில் முன்பின் தெரியாத யாராவது படுத்திருப்பார்கள். கல்லூரி முடிந்து வந்து அம்மாவோடு சேர்ந்து மோர் கலக்கி வாசலில் வைப்பேன். ஆயா அதற்கு மூன்று வருஷம் முன்பே போய்விட்டார். இருந்திருந்தால் மோருக்குக் காசு வாங்கச் சொல்லியிருப்பார். சயனக் கோலத்தில் இருந்தபோது அப்பாவும் அம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். இந்த முறை பெருமாள் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "நின்னு பாக்க விட்டாத்தானே?" என்றார் அப்பா. அடுத்தது 2059-ல். எனக்கு அறுபது வயசாகியிருக்கும்.

ஆயா பேச்சு வந்ததால் அந்தப் புடவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அசல் ஜரிகைப் பட்டுப்புடவை ஒன்றுதான் இருந்தது. ஆயாவின் கல்யாணப் புடவை, தாத்தா நெய்தது. பட்டு இழைமேல் வெள்ளி சுற்றி, அதன்மேல் தங்க முலாம் போட்ட ஜரிகை. தூக்கினால் கை வலிக்கும். நான் பிளஸ் டூ முடித்து, காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வாரத்தில், "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்" என்று மைக் கட்டிக்கொண்டு வருகிறவரை அம்மா வாசலில் நிறுத்தினார். அவர் புடவையை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. கரையை மட்டும் தேய்த்துப் பார்த்தார், தராசில் வைத்தார். அந்தப் புடவைகளை எரித்து வெள்ளியை எடுப்பார்கள் என்று அப்பாதான் எனக்குச் சொன்னார். தாத்தா நெய்த கோர்வை எரிந்து முதல் செமஸ்டர் ஆனது. சினிமாவில் வந்தால் வயலின் வாசிப்பார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாருக்கும் நிம்மதிதான்.

அண்ணன் ஐ.டி.ஐ முடித்து ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் சேர்ந்தான். முதல் மாசச் சம்பளம், அப்பா ரெண்டு புடவைக்கு வாங்குகிற கூலியைவிட அதிகம். ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்ய ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பக்கம் முழுக்கக் கம்பெனிகள். விடிகாலையில் பாவு நீட்டின தெருக்களின் முனையில் இப்போது கம்பெனி பஸ்ஸுக்குக் கூட்டம் நிற்கிறது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காதில் இயர்போனோடு, பாதித் தூக்கத்தில். அவர்களில் நிறையப் பேர் தார் சுற்றின கைதான். போன வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது எங்கள் தெருவில் சத்தம் வருகிற வீடுகளை எண்ணினேன். ஏழு. நான் ஸ்கூல் போன காலத்தில் எண்ண வேண்டிய அவசியமே இருந்ததில்லை, சத்தம் வராத வீடுதான் தனியாகத் தெரியும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கைத்தறி வீட்டுக்கு இலவச மின்சாரம் ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 2023-ல் 300 ஆனது; எங்கள் வீட்டு ஃபேன் அதில்தான் ஓடுகிறது. இந்த ஊரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா, துணிகள் தேங்கிக் கிடந்த 1953-ல் கைத்தறியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றதை எங்கள் பக்கம் இன்னும் சொல்வார்கள். ஆனால் பவர்லூமில் ஓட்டின புடவையை 'கைத்தறி' என்று சொல்லி விற்கிற போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு, புவிசார் குறியீட்டைப் பற்றிப் பேசினால் அப்பா சிரிக்கிறார்.

குழியை மூடலாம் என்று முதலில் சொன்னது அண்ணன்தான் என்று நான் நினைத்திருந்தேன். வரப்போகிற அண்ணி வாலாஜாபாத் பெண், நர்ஸ். கூடத்தைத் தடுத்து ஒரு ரூம் எடுத்தால்தான் புதுசாக வருகிறவளுக்குக் கதவு சாத்த ஒரு இடம் கிடைக்கும். நியாயம். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், "பின்னாடி ஷீட் போட்டு ரூம் எடுக்கலாமே, தறி இருக்கட்டும்" என்று ஆரம்பித்தேன். வீட்டில் தறி இருந்தால்தான் அது நம் வீடு என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். ஆபீஸில் ஸ்டோரிக்குத் தலைப்பு வைக்கிற குரல் எனக்குள் இருக்கிறது, அது அடிக்கடி வீட்டிலும் பேசிவிடும்.

அம்மா அரிவாள்மணையிலிருந்து எழுந்து வந்தார்.

"மூடச் சொன்னது நான்தான்" என்றார். "முப்பது வருசமா அந்தக் குழியைச் சுத்திப் பெருக்கறேன். ராத்திரி இருட்டுல எழுந்தா கால் உள்ள போயிடுமோன்னு செவுத்தைப் புடிச்சிகினே நடக்கறேன். பீரோ வெக்க இடம் இல்ல. ஒரு சன்னல் இருக்குது, அதை ஜக்கார்டு மறைச்சிகினு இருக்குது. உனக்கு ஊருக்கு வந்தா பாக்கறதுக்குத் தறி வேணும். எனக்குச் சன்னல் வேணும்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மண்ணு போட்டு மூட வேணாம், மேல கடப்பாக் கல்லு போட்டுக்கலாம், கீழ இருந்துட்டுப் போவட்டும்" என்றார். என்றைக்காவது கல்லை நகர்த்தித் திரும்ப உட்காரலாம் என்ற கணக்கு. அம்மா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கல்லுக்குக் கீழே தண்ணீர் ஊறும், பூச்சி வரும், புதுப்பெண் படுக்கிற ரூம். அப்பாவுக்கு எதிராக அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அண்ணன் போனை நோண்டிக்கொண்டே இருந்தான்.

அப்புறம் அம்மாதான் இறங்கி வந்தார். குழியில் இறங்கவில்லை, குரலில். "நீ உக்காந்து நெய்யணும்னா சொசைட்டி ஷெட்டுல தறி காலியா இருக்குதுன்னு சொல்றாங்க. அங்க போ. ஒத்தை ஆள் நெய்யற புடவையா எடுத்துக்கோ. என்னைக் கூப்புடாத."

அப்பாவுக்கு ஐம்பத்தேழு வயசு. அவர் வயசு நெசவாளர்கள் சிலர் காந்தி ரோட்டுப் புடவைக் கடைகளில் வாட்ச்மேனாக இருக்கிறார்கள். கார் கதவைத் திறந்துவிடுகிற வேலை. அப்பா அதற்குப் போக மாட்டார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஃபேன் சத்தம் போடுகிறது, பக்கத்துத் தறிக்காரர் ஓயாமல் அரசியல் பேசுகிறார். இதுதான் ரிப்போர்ட். மறுநாள் யாரும் கேட்காமலே, "தை முடிஞ்சி போறேன்" என்றார்.

ஒரு பாவில் மூன்று புடவை வரும். தறியில் இருப்பது கடைசிப் பாவு. ரெண்டு அறுத்துக் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது கோர்வைப் புடவை. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. அதைப் பணம் கட்டி நாமே எடுத்துக்கொண்டு அண்ணிக்கு முகூர்த்தப் புடவையாகக் கொடுக்கலாம் என்று அப்பாவுக்கு ஆசை இருந்தது. அண்ணி போனில் ரொம்ப மரியாதையாக, "மாமா, எனக்கு வெயிட் தாங்காது, சாஃப்ட் சில்க் பாத்து வெச்சிருக்கேன்" என்று இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தை அனுப்பினாள். அப்பா படத்தைப் பெரிதாக்கிக் கரையைப் பார்த்தார். "கோர்வை இல்ல" என்றார். பிறகு, "கலரு நல்லாத்தான் இருக்குது" என்றார். எனக்கு அண்ணியைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். மூன்றாவது புடவையும் சொசைட்டிக்கே போகிறது. எந்த ஊரில் யார் கட்டப்போகிறார்களோ.

ஜக்கார்டு பெட்டியை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. பழைய இரும்புக்கடைக்காரர் எடை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தறி மரத்தில் அண்ணன் ஒரு பெஞ்ச் செய்யச் சொல்லியிருக்கிறான். நாடாக்கள் மூன்றையும் நான் கேட்டேன். ரெண்டைக் கொடுத்தார் அப்பா. ஒன்று ஷெட்டுக்கு வேண்டுமாம்.

போன வாரம் போனபோது பேட்டினி முடிந்து முந்தி ஓடிக்கொண்டிருந்தது. விடாத தூறல், நூல் இழுத்து இழுத்துப் பிடித்தது. அம்மா தறி ஓரத்தில் உட்கார்ந்து, பார்வையை நாடாவிலிருந்து எடுக்காமலே, கொத்தனாரோடு ஸ்பீக்கர் போனில் பேசிக்கொண்டிருந்தார். குழிக்கு எவ்வளவு கிராவல் பிடிக்கும், மேலே டைல்ஸா சிமென்ட்டா, சன்னலுக்குக் கொசுவலை அடிக்க எவ்வளவு ஆகும். கிராவல் ஒரு லோடு ஏற்கெனவே வாசலில் கொட்டியிருந்தது, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். "முந்தி இன்னும் எத்தினி நாளுங்க?" என்று கேட்டார் கொத்தனார். அப்பா பலகையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மழை விட்டால் நாலு நாள் என்றார். "ஆறு நாள்னு வெச்சிக்கோங்க" என்றார் அம்மா, நாடாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே.